‘டி’ டிரைவில் ஒன்றுமில்லையாம்!

சனிக்கிழமை இரவு பத்தரை மணி. பிரிக்பீல்ட்ஸில் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து தம்பி அழைத்தான். பெரியம்மா மகன்.

“அண்ணே, பூட் சிடி ஒன்னு பர்ன் பண்ணேன். போட்டா ஓடவே மாட்டேங்குது. நாளைக்கு வர முடியுமா?”

“எதுக்குடா இப்போ பூட் சிடி?”

“வீட்டுக் கம்ப்யூட்டர்ல சி டிரைவ் நிறைஞ்சிருச்சு. பாப்பா ஐந்தாம் படிவம், பள்ளிக்கூட வேலை எதையும் சேமிக்க முடியல. டி டிரைவ்ல இடம் சும்மா கிடக்குது. அதுல கொஞ்சம் எடுத்து சி-க்குக் கொடுக்கலாம்னு பார்த்தேன்.”

ஞாயிறு காலை பசியாறிவிட்டு, கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ஏறினேன். பையில் மடிக்கணினி, யுஎஸ்பி கம்பியில் இயங்கும் வெளி டிவிடி டிரைவ், இரண்டு பென்டிரைவ். ஒரு மணி நேர வேலை, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலைதான் வீடு திரும்பினேன். இந்த வாரம் அந்தக் கதைதான். உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு பழைய கணினி இருக்கும். அதனால் பழுது பார்த்த விவரங்களையும் விடாமல் சொல்கிறேன்.

சுவரை நகர்த்தும் வேலை

முதலில், இதற்கு ஏன் தனியாக ஒரு சிடி வேண்டும்?

ஹார்ட் டிஸ்க்கை ஒரு தெரஸ் வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்ஹால் சி டிரைவ். விண்டோஸ் குடியிருப்பது அங்கேதான். பின்னறை டி டிரைவ். நடுவில் ஒரு சுவர். இந்தத் தடுப்புகளைத்தான் பார்டிஷன் என்கிறோம். தம்பி வீட்டுக் கணினியில் 500 ஜிபி டிஸ்க். அதில் சி-க்கு 60 ஜிபி மட்டும் ஒதுக்கி, மற்றதெல்லாம் டி என்று கணினியை விற்றபோதே யாரோ பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு 60 ஜிபி தாராளம். இன்றைக்கு விண்டோஸ் 10-ம் அதன் புதுப்பிப்புகளுமே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

விண்டோஸிலேயே ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற கருவி இருக்கிறது. டி-யைச் சுருக்க அதனால் முடியும். ஆனால் டி-யின் பின்பக்கத்திலிருந்துதான் இடத்தை வெட்டித் தரும். பின்னறையின் கொல்லைப்பக்கச் சுவரை இடித்து இடம் கொடுத்தால் முன்ஹாலுக்கு என்ன பயன்? சி-யை நீட்ட வேண்டுமானால், காலியிடம் சி-யை ஒட்டியே இருக்க வேண்டும். அதாவது நடுச்சுவரை நகர்த்த வேண்டும். பின்னறையில் உள்ள பீரோ, கட்டில் எல்லாவற்றையும் தூக்கித் தள்ளி வைத்துவிட்டுத்தான் அதைச் செய்ய முடியும்.

அதிலும் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது குடியிருக்கும் டிஸ்க்கில் இந்த வேலையைச் செய்வது, நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டுகிற கதை. அதனால்தான் விண்டோஸை எழுப்பாமல், சிடியிலிருந்தே கணினியை எழுப்புகிறோம். ‘ஜிபார்ட்டட் லைவ்’ என்ற இலவசச் சிடி இதற்குப் பேர்போனது. லினக்ஸில் ஓடுவது, ஆனால் விண்டோஸ் பார்டிஷன்களையும் கையாளும். தம்பி இறக்கியதும் அதைத்தான். தேர்வில் தவறில்லை.

முதல் சிடி: உள்ளே ஒரே ஒரு கோப்பு

அவன் பர்ன் செய்த சிடியை என் மடிக்கணினியில் போட்டுத் திறந்தேன். உள்ளே ‘ஐஎஸ்ஓ’ என்று முடியும் ஒரே ஒரு கோப்பு. காரணம் உடனே தெரிந்துவிட்டது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

ஐஎஸ்ஓ கோப்பு என்பது ஒரு முழுச் சிடியின் அச்சு. அதைப் பாட்டுக் கோப்பு போல இழுத்துப் போட்டு எழுதினால், சிடிக்குள் அந்த அச்சுதான் இருக்கும். அச்சிலிருந்து வார்த்த பொருள் இருக்காது. சிடியிலிருந்து கணினி எப்படி எழ வேண்டும் என்பதற்கு 1995இல் ஒரு விதிமுறை வகுத்தார்கள். அதன் பெயர் ‘எல் டொரிட்டோ’. வடிவமைத்தவர்கள் பேசி முடிவெடுத்த உணவகத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். நம் ஊராக இருந்தால் ‘வாழையிலைச் சாப்பாட்டுக் கடை விதிமுறை’ என்று வந்திருக்கும். அந்த விதிப்படி, சிடியின் தொடக்கத்தில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ‘என்னிலிருந்து எழலாம், வழி இங்கே’ என்ற குறிப்பு இருக்க வேண்டும். கணினி அந்த இடத்தை மட்டும்தான் பார்க்கும். இழுத்துப் போட்ட சிடியில் அந்தக் குறிப்பு இருக்காது. கணினி உதட்டைப் பிதுக்கிவிட்டு விண்டோஸுக்குப் போய்விடும்.

சரியான வழி எளிது. விண்டோஸ் 7 முதல், ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலது சொடுக்கு போட்டால் ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்று வரும். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதி முடித்த சிடியைத் திறந்து பாருங்கள். பல கோப்புறைகள் தெரிந்தால் சரி. ஒரே கோப்பு தெரிந்தால் அந்தச் சிடியைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் முன் இன்னொன்றையும் பார்த்தேன். இணையத்திலிருந்து இறக்கிய கோப்பு முழுதாக வந்திருக்கிறதா? வெளியிட்டவர்கள் கோப்புக்குப் பக்கத்திலேயே ‘செக்சம்’ என்ற நீண்ட எழுத்துக்கோவையைத் தந்திருப்பார்கள். விண்டோஸின் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ கட்டளையைக் கொடுத்தால் நம்மிடம் உள்ள கோப்பின் கோவை வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பு பழுதில்லை. எங்களுக்கு ஒத்துப்போனது.

இரண்டாவது சிடி: யாரை முதலில் கூப்பிடுவது?

புதிய சிடியைக் குறைந்த வேகத்தில் எழுதினோம். போட்டோம். மறுபடியும் விண்டோஸ்தான் வந்து நின்றது.

இந்த முறை சிடியின் மேல் பழியில்லை. கணினி எழும்போது எந்தச் சாதனத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசையில் ஹார்ட் டிஸ்க் முதலில் இருந்தால், அதிலேயே விண்டோஸ் கிடைத்துவிடும். சிடியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வரிசையை நிரந்தரமாக மாற்ற வேண்டியதில்லை. கணினியை முடுக்கியதும் எஃப்12, எஃப்11, எஸ்கேப் போன்ற ஏதோ ஒரு விசையை விட்டுவிட்டுத் தட்டினால் ‘பூட் மெனு’ வரும். எந்த விசை என்பது தயாரிப்பைப் பொறுத்தது. முதல் திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இன்னொரு சங்கதி. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி உண்டு. நாம் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுதாக உறங்காது. பாதிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அந்த நிலையில் அதன் பார்டிஷன்களில் வெளியாள் கைவைத்தால் தகவல் கெடலாம். அதனால் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். அல்லது ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ‘ஷட் டவுன்’ கொடுங்கள்.

ரீஸ்டார்ட் கொடுத்தோம். எஃப்12 வேலை செய்தது. பூட் மெனுவில் சிடியைத் தேர்ந்தெடுத்தேன். கறுப்புத் திரை, மூலையில் ஒரு கோடு மினுக்கியது. கணினிக்குள் இருந்த சிடி டிரைவ் ‘கட கட’ என்று இரண்டு நிமிடம் முனகியது. பிறகு பழையபடி விண்டோஸ்.

இன்னொரு சிடி எழுதினோம். அதே முனகல். அதே விண்டோஸ்.

என் விரல் மவுஸின் மேல்

மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

“அட போங்கண்ணே, மூனாவது சிடி லா இது. பேசாம டி-யை அழிச்சிடுவோம். அழிச்சிட்டா சி-யை ஒட்டியே காலியிடம் வந்துடும். விண்டோஸ்லயே அஞ்சு நிமிஷத்துல நீட்டிடலாம். சிடியே வேணாம்.”

அவன் சொன்னது தொழில்நுட்பப்படி சரி. பின்னறையையே இடித்துத் தள்ளிவிட்டால் முன்ஹாலை நீட்டுவதில் சிரமமே இல்லை.

“டி-ல என்ன இருக்கு?”

“ஒன்னுமில்லண்ணே. பழைய குப்பை. தொறந்தாலே கம்ப்யூட்டர் உறைஞ்சு போய்டும். சி நிறைஞ்சதால அப்படி ஆவுது போல. நான் தொறந்தே ரொம்ப நாளாச்சு.”

அந்த நேரத்தில் நான் செய்ததை மறைக்கப் போவதில்லை. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். டி-யின் மேல் வலது சொடுக்கு போட்டேன். ‘டிலீட் வால்யூம்’. ‘இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரவா?’ என்று விண்டோஸ் கேட்டது. இத்தனை வருடமாக இதே பக்கத்தில் ‘முதலில் பிரதி எடுங்கள்’ என்று எழுதிக்கொண்டிருப்பவன் நான். பசியும் எரிச்சலும் சேர்ந்தால் ஊருக்குச் சொன்ன உபதேசம் மறந்துவிடும் போலிருக்கிறது.

பெரியம்மா தேநீரும் பருப்பு வடையும் கொண்டு வந்து வைத்தார்.

“என்னப்பா அழிக்கப் போறீங்க?”

“ஒன்னுமில்லம்மா. பழைய குப்பைதான்.”

“அப்போ உங்கப்பா எழுதினதெல்லாம் எங்கடா இருக்கு?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

பெரியப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியர். கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பல வருடம் படித்துக் கொடுத்தவர். அந்தத் தோட்டம் இன்று இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்களைப் போல அதுவும் வீடமைப்பாகிவிட்டது. பணி ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் கணினி முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருப்பார். எந்த லயத்தில் எந்தக் குடும்பம் இருந்தது, பெரட்டுக்கு யார் முதலில் வந்து நிற்பார்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார், திருவிழாவுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தாராம். அவர் தவறி ஐந்து வருடம் ஆகிறது.

“நான் அந்தக் கோப்பெல்லாம் தொறந்து பார்த்திருக்கேன்மா. ஒரு எழுத்துகூட தமிழ் இல்ல. வைரஸ் அடிச்சிருச்சுன்னு நினைச்சேன்” என்றான் தம்பி.

‘டி’யைத் திறந்தோம். கோப்புகளின் பட்டியல் வருவதற்கே இரண்டு நிமிடம் பிடித்தது. ஒன்றைச் சொடுக்கினேன். தலையில் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகளும் பாதிப் பாதிக் குறிகளுமாகத் திரை நிறைந்தது.

வைரஸ் இல்லை. அது தமிழ்தான். யூனிகோட் பரவலாவதற்கு முந்தைய தமிழ். யூனிகோட்டில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அது நம் வீட்டுக் கணினிகளுக்கு வந்து சேரப் பல வருடம் ஆனது. அதுவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்து வடிவங்களை உட்கார வைத்துத்தான் எழுதினோம். இந்த நாட்டில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியாகக் கணினியில் தமிழ் எழுதப் பழகியவர்கள் எத்தனை பேர்! பெரியப்பாவும் அவர்களில் ஒருவர். அந்தக் காலத்து எழுத்துரு இந்தக் கணினியில் இல்லை. அதனால் தமிழ் முகமூடி கழன்று, அடியில் இருந்த ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. இவற்றை யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட ‘என்எச்எம் கன்வர்ட்டர்’ அவற்றில் ஒன்று.

குப்பை என்று நாங்கள் கொட்டப் போனது அதைத்தான்.

ஒரு நேரத்தில் ஒன்று

சாப்பிட்டுவிட்டு வந்து, நிதானமாக மறுபடி தொடங்கினோம். காலையில் நாங்கள் செய்த தவறு, எங்கே பழுது என்று தெரியாமலேயே சிடிக்கு மேல் சிடி எழுதிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பழுது சிடியிலா, கணினியிலா? அதற்கு ஒரே சோதனை போதும். அதே சிடியை வேறொரு கணினியில் போட்டுப் பார்ப்பது.

என் மடிக்கணினியில் வெளி டிவிடி டிரைவை இணைத்து, மூன்றாவது சிடியைப் போட்டேன். அரை நிமிடத்தில் ஜிபார்ட்டட் மெனு வந்துவிட்டது. ஆக, சிடி நல்ல சிடி. பழுது அந்தக் கணினியின் பக்கம். கறுப்புத் திரையில் கேட்ட முனகல் நினைவுக்கு வந்தது. பத்து வருடத் தூசி படிந்த சிடி டிரைவால் சிடியைப் படிக்க முடியவில்லை.

வெளி டிரைவைக் கழற்றி தம்பியின் கணினியில் மாட்டினேன். வேறு எதையும் மாற்றவில்லை. பூட் மெனுவில் யுஎஸ்பி டிரைவைத் தேர்ந்தெடுத்தேன். எழுந்துவிட்டது! தம்பி கைதட்டினான். பாப்பா ஓடி வந்து பார்த்தாள்.

கைதட்டல் அடங்கவில்லை, ஜிபார்ட்டட் டிஸ்க்கை வரைபடமாகக் காட்டியது. டி-யின் பக்கத்தில் ஒரு மஞ்சள் முக்கோணம். அதன் மேல் சொடுக்கி விவரம் பார்த்தேன். இந்த டிஸ்க்கில் பழுதடைந்த பகுதிகள் இருக்கின்றன, தட்டின் மேற்பரப்பே சேதமாகியிருக்கிறது, உடனே முழுப் பிரதி எடுங்கள் என்ற எச்சரிக்கை.

டி-யைத் திறந்தாலே கணினி உறைந்து போனதற்குக் காரணம் சி நிறைந்தது அல்ல. டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் கணினி எழும்போது தானாகவே ‘டிஸ்க் சரிபார்ப்பு’ ஓடியதாகவும், அதைச் சட்டை செய்யவில்லை என்றும் தம்பி அப்போதுதான் சொன்னான்.

பார்டிஷனை நகர்த்துவது என்றால் டி-யில் உள்ள ஒவ்வொரு துணுக்கையும் படித்து வேறிடத்தில் எழுத வேண்டும். நோயாளி டிஸ்க்குக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பாதி வழியில் அது நின்றுவிட்டால் பழைய இடத்திலும் முழுதாக இருக்காது, புதிய இடத்திலும் இருக்காது. போதாக்குறைக்கு மணி மூன்றரை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை இடிமழை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாத வீட்டில் நடுச்சுவரை நகர்த்தும் நேரமில்லை அது.

சுவரை நகர்த்தும் திட்டத்தை அங்கேயே கைவிட்டோம். வெட்டுவதற்காகச் செய்த சிடி இப்போது காப்பாற்றும் சிடியானது.

முதலில் எது முக்கியமோ அது

தம்பி கடைக்கு ஓடி ஒரு டெராபைட் வெளி டிஸ்க் வாங்கி வந்தான். சிடியிலிருந்து எழுந்த கணினி விண்டோஸை எதிர்பார்ப்பதில்லை. அதனால் டி-யைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, அதில் ஒரு புள்ளிகூட எழுதாமல், பிரதி எடுக்க முடிந்தது.

சாகக்கிடக்கும் டிஸ்க்கிலிருந்து பிரதி எடுக்கும்போது வரிசை முக்கியம். மொத்தத்தையும் ஒரே மூச்சில் இழுக்கக் கூடாது. ஈடு செய்ய முடியாததை முதலில் எடுக்க வேண்டும். பெரியப்பாவின் கோப்புறையை முதலில் எடுத்தோம். அடுத்து குடும்பப் படங்கள். அதற்கும் பிறகுதான் மற்றவை. இரவு முழுக்க ஓடியது. முரண்டு பிடித்த பகுதிகளுக்கு ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவியைப் பயன்படுத்தினேன். அது படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளும். முடியாத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வந்து மீண்டும் மீண்டும் முயலும்.

இன்னொரு எச்சரிக்கை. டிஸ்க்கில் பழுது என்று தெரிந்ததும் பலர் முதலில் ‘செக் டிஸ்க்’கை ஓட விடுவார்கள். அது பழுது பார்க்கிறேன் என்று டிஸ்க்கில் எழுதும். கோப்புகளின் அமைப்பையும் மாற்றும். பிரதி எடுத்த பிறகு ஓட்டிக்கொள்ளலாம், அதற்கு முன் வேண்டாம்.

பெரியப்பாவின் கோப்புறையில் நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள். திங்கட்கிழமை விடியும்போது இரண்டைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. அந்த இரண்டும் கடைசிவரை வரவில்லை. ஒன்றின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘லயம் 4’ என்றிருந்தது. மற்றதற்கு வெறும் தேதிதான் பெயர்.

பழைய டிஸ்க்கைக் கழற்றிப் பெயர் எழுதி அலமாரியில் வைத்தோம். அடுத்த வாரம் புதிய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, விண்டோஸ் நிறுவி, இடத்தை ஒரே பெரிய ஹாலாக விட்டுவிட்டோம். பாப்பாவின் இடப் பிரச்சினை தீர்ந்தது. நடுச்சுவரை நகர்த்த வேண்டிய தேவையே வரவில்லை.

புதிய மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு

‘எங்களிடம் சிடி டிரைவே இல்லையே’ என்பவர்களுக்குச் சிடியின் இடத்தில் பென்டிரைவ். அங்கும் அதே கதைதான். ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் அப்படியே காப்பி செய்தால் எழாது. ‘ரூஃபஸ்’ போன்ற கருவியால் எழுத வேண்டும்.

புதிய கணினிகளில் ‘செக்யூர் பூட்’ என்றொரு காவலாளி உண்டு. முத்திரை இல்லாதவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுவார். அவரை அணைத்துவிட்டு நுழைய அவசரப்படாதீர்கள். உங்கள் டிஸ்க் ‘பிட்லாக்கர்’ பூட்டுப் போட்டதாக இருந்தால், அந்த அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் உங்கள் தகவல் உங்களுக்கே கிடைக்காது. முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கணினிகளைப் பிரித்து மேயும் வேலை பல வீடுகளில் நடக்கிறது. அதனால் கீழே உள்ளதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூட் சிடி எழவில்லையா?

1. எதையும் தொடும் முன், வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அதே டிஸ்க்கின் இன்னொரு பார்டிஷனில் எடுத்தால் அது பிரதி ஆகாது.
2. சிடியைத் திறந்து பாருங்கள். ஒரே ஐஎஸ்ஓ கோப்பு தெரிந்தால், ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ வழியாக மறுபடி எழுதுங்கள்.
3. இறக்கிய கோப்பின் செக்சம் ஒத்துப்போகிறதா?
4. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, பூட் மெனுவில் சிடியைத் தேர்ந்தெடுங்கள்.
5. எழவில்லையா? அதே சிடியை வேறு கணினியில் போடுங்கள். அங்கே எழுந்தால் பழுது உங்கள் கணினியில். அங்கேயும் எழாவிட்டால் பழுது சிடியில்.
6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.
7. எழுந்ததும் எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பார்டிஷன் வேலையை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

போன ஞாயிறு மறுபடி கிள்ளானுக்குப் போயிருந்தேன். மாற்றிய கோப்புகளைப் பாப்பா ஒவ்வொன்றாகத் திறந்து பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். ‘லயம் 3’ முடிந்தது. அடுத்தது ‘லயம் 5’.

“நாலாவது எங்க?” என்றார் பெரியம்மா.

தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். அது டிஸ்க்கோடு போய்விட்டது என்று.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாலாவது லயம் எங்க லயம்தான். கல்யாணத்துக்கு முன்னாடி நான் அங்கதான இருந்தேன். மொத வீட்டுலேர்ந்து சொல்றேன், நீ அடி.”

பாப்பா ஒரு புதிய கோப்பைத் திறந்தாள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே? உங்கள் வீட்டுக் கணினியில் என்னவெல்லாம் இருக்கிறது என்று வீட்டின் மூத்தவரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.